இரட்டை கார்புரேட்டருக்கு எந்த லிங்கேஜ்? ஃபிளாட்ஹெட் வி8-இல் செய்து பார்த்தது

என் போர்டு ஃபிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வகை இன்ஜின்) வி8-இல் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டரும் ஏறிவிட்டன. அடுத்த வேலை லிங்கேஜ், அதாவது பெடலின் அசைவைக் கார்புரேட்டர்களுக்குக் கொண்டுபோகும் ராடும் கைகளும் (லீவர்கள்). ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டுமா, முதலில் ஒன்று, அப்புறம் மற்றொன்று என்று திறக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு கார்புரேட்டர் மட்டும் இருக்கும் ஃபிளாட்ஹெட்டுக்கு, ஒன்றாகத் திறக்கும் நேர் லிங்கேஜ்தான் சரி.

இன்ஜின் 239 கன அங்குலம், அதாவது 3.9 லிட்டர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ லாரிகளை இழுத்த வகை. 97 என்ற பெயர் வென்சுரியின் (கார்புரேட்டருக்குள் காற்று போகும் குறுகிய தொண்டை) 0.97 அங்குல விட்டத்தால் வந்தது. 1936 முதல் 1938 வரை போர்டு வி8-களில் இது ஒன்றே ஒன்றுதான் வரும். கூட இன்னொன்றை ஏற்றுவது அமெரிக்க ஹாட் ராட்காரர்களின் பழக்கம்.

ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் புரோகிரசிவ் லிங்கேஜ் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் நம்ம ஊர் டிராஃபிக். கத்திப்பாராவில் ஊர்ந்து போகும்போது ஒரு கார்புரேட்டரே தாராளம். பின் கார்புரேட்டர் பாதி திறந்ததும், ராடில் இருக்கும் காலர் முன் கார்புரேட்டரின் கையைத் தள்ளும்படி அமைத்தேன். ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தேன். கால் பாதி தூரம் போனதும் பிக்கப் திடீரென்று எகிறுகிறது. அதையாவது பழகிக்கொள்ளலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. பின்பக்க சிலிண்டர் பிளக்குகள் நல்ல காபிக்கொட்டை நிறம். முன்பக்க இரண்டும் சுண்ணாம்பு போல வெளுப்பு.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் மிக்ஸ்சர் தானாகவே லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகும், எல்லா பிளக்கும் வெளுக்கும். அதனால்தான் லிங்கேஜைத் தொடுவதற்கு முன்பே 0.045 ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளை) எடுத்துவிட்டு 0.047 போட்டிருந்தேன். அதற்கு மேலும் முன்பக்கம் மட்டும் வெளுக்கிறது என்றால், பெட்ரோல் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பின் கார்புரேட்டரிலிருந்து முன் சிலிண்டருக்கு மேனிபோல்டுக்குள் (கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) நீண்ட வழி. மூன்று கார்புரேட்டர் வைத்தால் கதை வேறு. நடுவில் இருப்பதற்கு இரு பக்கமும் ஒரே தூரம். 1957-இல் பாண்டியாக் கொண்டுவந்த மூன்று கார்புரேட்டர் டிரை-பவரில் நடு கார்புரேட்டரை மட்டும் வைத்து சாதாரண ஓட்டத்தைச் சமாளிக்க முடிந்தது அப்படித்தான்.

சரி, நேர் லிங்கேஜ். பார்க்க ஒரே ஒரு ராட்தான், ஆனால் மொத்த வேலையும் கைகளின் நீளத்தில் இருக்கிறது. என் இரண்டு கார்புரேட்டரும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. திராட்டில் கையை வெர்னியர் வைத்து அளந்தால் முன்னது 35 மில்லி, பின்னது 38. மூன்று மில்லிதானே என்று விட முடியாது. முன்னது முழுதாகத் திறந்து ஸ்டாப்பில் முட்டும்போது பின்னது இன்னும் ஆறேழு டிகிரி பாக்கி வைத்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் இரண்டையும் கொண்டுபோனேன். "தம்பி, ஷாஃப்ட் சென்டர்லேர்ந்து ஓட்டை சென்டர் எவ்வளவு, அத மட்டும் சொல்லு" என்றார். 38 என்றேன். புதுக் கை இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளை போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்கே அவருக்குக் கோடி கும்பிடு.

ராட் 6 மில்லி ஸ்டீல். ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. எதையும் கழற்றாமல் ராடைத் திருகினாலே நீளம் கூடும், குறையும். இடது மரை பால் ஜாயின்ட் புதுப்பேட்டையில் அலைந்தும் கிடைக்கவில்லை, ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. ஜாயின்டில் அரை மில்லி லூஸ் இருந்தால் ஐடிலில் ஒரு கார்புரேட்டர் மூடியும் மற்றது லேசாகத் திறந்தும் நிற்கும், அப்புறம் எவ்வளவு டியூன் செய்தாலும் நிற்காது.

டியூனிங்கை ராடைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் பிடித்து, 'ஸ்ஸ்' சத்தம் ஒன்றாகும் வரை இரண்டின் ஐடில் ஸ்க்ரூவையும் திருகினேன். மிக்ஸ்சர் ஸ்க்ரூ ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு, ஆக நான்கையும் ஒன்றரைச் சுற்றில் ஆரம்பித்தேன். கடைசியில் ராட். பால் ஜாயின்ட் தள்ளாமல் இழுக்காமல் தானாகப் போய் உட்கார வேண்டும். இதை இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது செய்வதுதான் நல்லது. அலுமினிய மேனிபோல்டு ஸ்டீல் ராடைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஃபிளாட்ஹெட்டோ எக்ஸாஸ்ட் பாதை பிளாக் வழியாகவே போவதால் எப்போதும் சூடு. நம்ம ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

ரிட்டர்ன் ஸ்பிரிங் கார்புரேட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறேன். ராட் கழன்றுவிட்டாலும் இரண்டும் தானாக மூட வேண்டும்; இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தம்பியைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லி, இன்ஜின் ஆஃபில் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு பட்டர்ஃப்ளையும் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) செங்குத்தாக நின்றன. கை மையத்தைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பெடலுக்குக் கீழே ஒரு போல்ட்டை ஸ்டாப்பாக வைத்தாயிற்று. இப்போது எட்டு பிளக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். அடுத்து பெட்ரோல் பிரஷர்: 97-இன் நீடில் வால்வு (பெட்ரோல் உள்ளே வருவதை அடைக்கும் ஊசி) 3 பிஎஸ்ஐ-க்கு மேல் தாங்காது, அதற்கு ரெகுலேட்டர் வாங்க வேண்டும்.