ஆராய்ச்சி என்றால் நம்மிடம் காசு எதற்கு?

அக்கா மகன் தரையிலிருந்து எழுந்திருக்கும் விதம் நாலு வயதில் எங்களுக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது. குப்புறத் திரும்புவான், இரண்டு கையையும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்குவான், அப்புறம் ஒரு கையை முழங்காலில் வைத்து, இன்னொரு கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பிலேயே ஏணி ஏறுவது போல ஏறி நிமிர்வான். "எங்க அப்பிச்சி மாதிரியே எந்திரிக்கிறான் பாரு" என்று அக்கா சொல்லிச் சிரிக்கும். அப்படி எழுவதற்கு மருத்துவத்தில் கவர்ஸ் அறிகுறி என்று ஒரு பெயரே உண்டு என்பதை, அவனுடைய ஆறாவது வயதில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். டுஷேன் தசைச் சிதைவு நோய். 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகள் வரை பிறந்தால் அதில் ஒருவருக்கு வருவது. எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு பழுதாகி, டிஸ்ட்ரோஃபின் என்கிற புரதம் உடம்பில் உருவாகாது. அது இல்லாமல் தசை இழைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து, கொழுப்பும் தழும்புமாக மாறிக்கொண்டே போகும்.

அந்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், பிசியோதெரபியை விடக்கூடாது, இதயத்தையும் மூச்சையும் வருடா வருடம் பார்க்க வேண்டும், இதை முழுதாகத் தீர்க்கும் மருந்து இன்றைக்கு இல்லை என்றார். பன்னிரண்டு வயது வாக்கில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்பதையும் அவரே சொன்னார். மச்சான் ஊர் வந்து சேரும்வரை பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை எல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம் தெரிந்தவர் ஒருவர் போன் செய்து, "ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடுமாமே, உங்கள் வீட்டில் போட்டீர்கள் அல்லவா, எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அவருடைய தம்பி மகளுக்கு வேறு ஏதோ நரம்பு நோய். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூல செல். ஆமாம், போட்டோம். அவனுக்கு எட்டு வயது இருக்கும்போது வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். யூடியூபில் அவர்களுடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் அக்கா முதலில் பேசியது. ஒரு பையன் முதல் வீடியோவில் சுவரைப் பிடித்து நடக்கிறான், மூன்று மாதம் கழித்து எடுத்த வீடியோவில் பிடிக்காமல் நடக்கிறான். போன் செய்த மறுநாளே தமிழில் பேசும் ஒரு பெண் திரும்ப அழைத்தார், அவ்வளவு அன்பாகப் பேசினார், வயதைக் கேட்டுவிட்டு "சீக்கிரம் வந்தால்தான் பலன் அதிகம்" என்றார். அக்கா தாலிக்கொடி தவிர எல்லாவற்றையும் அடகு வைத்தது. இரண்டே முக்கால் லட்சம், ரயில் செலவு தனி.

காலையில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்கள், அதை மெஷினில் சுழற்றிப் பிரித்தார்கள், சாயங்காலமே முதுகுத்தண்டு வழியாகவும் தொடைகளிலும் கெண்டைக்காலிலும் போட்டார்கள். இரண்டு காலிலும் சேர்த்து இருபத்திரண்டு ஊசித் தடம். நான்தான் எண்ணினேன், அவனுக்கு வலி தெரியாமல் இருக்க ஒன்று, இரண்டு என்று எண்ணும் விளையாட்டாக மாற்றி. ஆங்கிலத்தில் ஏழு பக்கத்துக்கு ஒரு ஒப்புதல் படிவம். அக்கா எல்லாப் பக்கத்திலும் தமிழில் கையெழுத்துப் போட்டது.

திரும்பி வந்து இரண்டு மாதம் அவன் நன்றாகத்தான் இருந்தான், பொய் சொல்லக்கூடாது. மாடிப்படி மூன்று ஏறினான். அப்போது யாராவது ஸ்டெம் செல் ஏமாற்று வேலை என்று சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது, அந்த மருத்துவமனையில் பத்து நாள் தினமும் மூன்று மணி நேரம் பிசியோதெரபி கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்தும் அதே அட்டவணையை அக்கா ஒரு நாள் விடாமல் செய்தது, அதற்கு முன்பு வாரத்துக்கு இரண்டு நாள் செய்தாலே பெரிய விஷயம். ஐந்தாவது மாதம் மறுபடி சுவரைப் பிடித்தான். மருத்துவமனைக்கு போன் செய்தால், இரண்டாவது டோஸ் போட வேண்டும், அதற்குச் சலுகை உண்டு என்றார்கள்.

இன்னொரு கேள்வியை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். அவனுடைய உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அந்தப் பழுதான மரபணுதான் இருக்கிறது. அவனுடைய மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்லிலும் அதேதான். அதை அவனுக்கே திரும்பப் போட்டால் இல்லாத டிஸ்ட்ரோஃபின் எங்கிருந்து வரும்? இதைப் பள்ளிக்கூட விஞ்ஞானம் படித்த நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு ஆசை கண்ணை மறைத்திருந்தது.

இந்த அனுபவத்தை வைத்து நான் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கே எதிரி ஆகிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. இந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும், வேகமாக நடக்க வேண்டும், இன்னும் நிறைய அரசுப் பணம் அதற்குப் போக வேண்டும் என்று முன்பைவிட இப்போது அதிகமாக ஆசைப்படுகிறேன்.

உலகத்தில் இதைப் பற்றி நடந்த பெரிய சண்டை வேறு மாதிரியானது. 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து முதன்முதலாக ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். ஐந்தாறு நாள் வயதான, கண்ணுக்குப் புள்ளி அளவு கூடத் தெரியாத கரு. ஆனாலும் செல்லை எடுத்தால் அந்தக் கரு அழியும். அது ஓர் உயிரைக் கொல்வது என்று ஒரு தரப்பு, எப்படியும் குளிர்பெட்டியில் கிடந்து அழியப்போகும் கரு ஒரு நோயாளிக்குப் பயன்படட்டுமே என்று மறு தரப்பு. 2001 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் புஷ், அதற்குள் கருவிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டிருந்த செல் வரிசைகளுக்கு மட்டும்தான் மத்திய அரசுப் பணம் என்று கட்டுப்பாடு போட்டார். 2006-ல் அதைத் தளர்த்தும் மசோதா வந்தபோது, அவருடைய ஆட்சியின் முதல் வீட்டோவாக அதைத்தான் நிராகரித்தார், அதுவும் உறைந்த கருவாகத் தத்துக் கொடுக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் இந்த ஆராய்ச்சிக்காகக் கடைசிவரை பேசிவிட்டு 2004-ல் இறந்துபோயிருந்தார். ஒபாமா வந்து 2009-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

கருவும் உயிர்தான் என்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். என் நண்பனின் மனைவி நர்ஸ், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், அவர் அதைச் சொல்லும்போது மனதிலிருந்து சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அவ்வளவுதான். நம் நாட்டில் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமே, கருவைப் பத்து வருடத்துக்கு மேல் சேமிக்கக் கூடாது, அதன்பின் அழிய விடலாம் அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்கிறது. அது எனக்கு நியாயமாகப் படுகிறது. அப்புறம், 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, சாதாரண செல்லையே நாலு மரபணுக்கள் செலுத்திப் பழைய கரு நிலைக்குத் திருப்பலாம் என்று எலியில் செய்து காட்டினார், அடுத்த வருடமே மனித செல்லிலும் நடந்தது, 2012-ல் நோபல் பரிசும் வந்தது. அதோடு கருச் சண்டையின் சூடு பாதி குறைந்துவிட்டது.

நம் ஊரில் இந்த விவகாரம் பில் கவுண்டரில்தான் நடக்கிறது. கருவைப் பற்றி நம்மிடம் யாரும் கேட்பதில்லை.

வேலூருக்கு வருகிறேன். சிஎம்சி மருத்துவமனையும் அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து கடுமையான ஹீமோஃபிலியா ஏ இருந்த ஐந்து பேருக்குச் சிகிச்சை கொடுத்து, 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்கிற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ரத்தம் உறையாமல் மூட்டுக்குள் கசிந்துகொண்டே இருக்கும் நோய் அது. அங்கேயும் அவரவர் சொந்த ஸ்டெம் செல்தான், எங்கள் மாப்பிள்ளைக்கு எடுத்தது போலவே. ஆனால் எடுத்த செல்லுக்குள், அவர்களுக்கு இல்லாத, ரத்தத்தை உறைய வைக்கும் புரதத்தின் மரபணுவை, பக்குவப்படுத்திய ஒரு வைரஸ் வழியாக ஏற்றினார்கள், கீமோ மருந்து கொடுத்து மஜ்ஜையில் இடம் ஒழித்தார்கள், அதன்பிறகு செலுத்தினார்கள். கண்காணித்த காலம் வரை ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு இல்லை. வெறும் ஐந்து பேர் என்று அவர்களே எழுதுகிறார்கள், இன்னும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சொந்த ஸ்டெம் செல்லை எடுக்கலாம், மரபணுவை ஏற்றலாம், நம் தமிழ்நாட்டிலேயே செய்யலாம்! ரத்தத்துக்கு முடிந்தது தசைக்கு ஏன் இன்னும் முடியவில்லை என்றால், ரத்தம் மஜ்ஜை என்கிற ஓர் ஊற்றிலிருந்து வருகிறது, அந்த ஊற்றை மாற்றினால் போதும். தசை உடம்பெல்லாம் பரவிக் கிடக்கிறது, கெண்டைக்காலில் போட்ட செல் அந்த இடத்தைத் தாண்டிப் பரவுவதில்லை. இருபத்திரண்டு ஊசிக்கும் அதே கதிதான்.

உண்மையான ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனை 2025 ஜூனில் வெளிவந்தது. முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை. அதே கட்டுரையில், கலந்துகொண்ட 14 பேரில் இரண்டு பேர் இறந்ததையும், எதனால் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் போன மருத்துவமனையின் வீடியோக்களில் நடக்காமல் போன பிள்ளை ஒன்று கூட இல்லை.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "இது ஆராய்ச்சி" என்று சொன்னால் காசு கேட்கக் கூடாது. பதிவு எண் கேளுங்கள், சோதனைகளை சிடிஆர்ஐ என்கிற அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். "இது சிகிச்சை" என்று சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். காசும் வாங்குவார்கள், ஆதாரமும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2015-ல் வயதான பெண்கள் மூன்று பேருக்கு இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஸ்டெம் செல் ஊசி போட்டார்கள், பார்வை போய்விட்டது. ஆளுக்கு 5,000 டாலர் கட்டியிருந்தார்கள். பதிவேட்டில் பார்த்து, சோதனை என்று நம்பிப் போனவர்களும் அவர்களில் உண்டு.

நம் விதிகள் சும்மா இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2007-ல் போட்ட வழிகாட்டுதலின் தலைப்பில் ஆராய்ச்சியோடு சிகிச்சை என்ற சொல்லும் இருந்தது. 2013-ல் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற சிலதைத் தவிர வேறெதுவும் சிகிச்சை என்ற நிலையை எட்டவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் போடக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொன்னது. ஆனால் 2019 மருந்து விதிகளில், செல்லைக் கணிசமாக மாற்றினால்தான் அது புது மருந்து, அரசு அனுமதி வேண்டும். வெறுமனே எடுத்து, சுழற்றி, அன்றே திருப்பிப் போட்டால்? அந்த இடுக்கில்தான் இந்த மருத்துவமனைகள் கடை போட்டிருக்கின்றன. அந்த இடுக்கை அடைக்க வேண்டும் என்பதுதான் அரசிடம் நான் கேட்பது.

இதற்கு அக்காவிடம் ஒரு பதில் உண்டு. "அப்ப சும்மா உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?" என்று ஒருமுறை கேட்டது. பத்து வருடத்தில் மருந்து வரும் என்றால், இவனுக்குப் பத்து வருடம் இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஸ்டீராய்டு, பிசியோ, இதயப் பரிசோதனை, மூச்சுப் பயிற்சி, இவை எல்லாம் சும்மா இருப்பது ஆகாது என்று மட்டும் சொல்ல முடிந்தது.

மாப்பிள்ளைக்கு இப்போது பதினான்கு. சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்கூடம் போகிறான், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். போன மாதம், வருங்காலச் சோதனைகளுக்காக நோயாளிகளின் விவரம் சேர்க்கும் ஒரு பதிவேட்டில் அவன் பெயரைச் சேர்க்கப் போனோம். அக்காதான் படிவத்தை நிரப்பியது. நாலாவது பக்கத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் செல் சிகிச்சையோ மரபணுச் சிகிச்சையோ எடுத்தது உண்டா? அங்கே இருந்த பெண்ணிடம் எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். பல சோதனைகளில் அப்படி எடுத்தவர்களைச் சேர்ப்பதில்லை சார் என்று தயங்கித்தான் சொன்னார்.

அக்கா 'ஆம்' என்பதில் டிக் அடித்தது. கீழே இருந்த கட்டத்தில் என்ன செல், எத்தனை, என்ன தேதி என்று எழுதச் சொல்லியிருந்தது. பையிலிருந்து அந்த மருத்துவமனையின் பழைய ரசீதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். தேதியும் தொகையும் இருந்தது. என்ன போட்டார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.