அம்மாவுக்கு வெயில் போதவில்லையாம்

ஒஸ்லோவில் ஒரு வைத்தியர் இதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டுவிட்டு, காகம் கலைக்கத் தடியோடு உச்சி வெயிலில் காவல் இருந்த மனுசி எங்கள் அம்மா. மணலின் சூடும் கருவாட்டு மணமுமாய்க் கிடக்கும் அந்த இடத்துக்கு நாங்கள் போனால், "வெயிலுக்க திரியாதையுங்கோ" என்று எங்களையும் சேர்த்துக் கலைப்பார்.

இங்கு வந்து சில குளிர்காலம் போனதும் தொடையும் இடுப்பும் உளையத் தொடங்கின. கதிரையிலிருந்து கையூன்றித்தான் எழும்புவார். படியேறுவது பெரும்பாடு. நடை தாரா மாதிரி ஆடியது. குளிர்தான் என்றது எங்கள் சனம். வயது என்று சொல்லி வலிக்குளிசை தந்தார் முதலில் பார்த்த வைத்தியர். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. விட்டமின் டி அளவைக் காட்டும் ஒரு இரத்தப் பரிசோதனை போதுமே! லீற்றருக்கு 50 நானோமோல் இருந்தால் பயமில்லை. 25க்குக் கீழே போனால் எலும்பில் சுண்ணாம்புச்சத்து சரியாகச் சேராமல் மெதுமையாகிவிடலாம். குழந்தைகளுக்கென்றால் கால் வளையலாம். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி உளையுது என்றால், கேட்டு அந்தப் பரிசோதனையைச் செய்வியுங்கள்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே திருகோணமலை எட்டரைப் பாகையில், ஒஸ்லோ 60 பாகையில். ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை இங்கே வெயில் எறித்தாலும் தோல் விட்டமின் டி செய்ய அது காணாது. எங்கள் நிறத்துக்கு இன்னும் கூட வேண்டும். யன்னலுக்குள் இருந்து வெயில் காய்ந்தும் பிரயோசனமில்லை, அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி மறித்துவிடும்.

வெயில் போதவில்லை என்று சொன்ன இரண்டாவது வைத்தியர் சில கிழமைக்குக் கூடிய அளவு மருந்து தந்தார். அப்புறம் நாளாந்தம் ஒரு தேக்கரண்டி மீனெண்ணெய், கொட் மீனின் ஈரலில் எடுப்பது. அதில் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி இருக்கிறது. சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார் அம்மா. நோ முதலில் குறைந்தது, கால் பலம் வர மாதக்கணக்கானது.

இப்போது படி ஏறுகிறார், ட்ராமில் தனியே கோயிலுக்கும் போகிறார். இங்கே வேரூன்றிவிட்டோம் என்று நான் நிம்மதிப்பட்டால், "ஓகஸ்டில நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ரிக்கற் பார்" என்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஊரில் காய்ந்த வெயில் இங்கத்தைய மாரி முழுக்கத் தாங்காது, வந்ததும் மீனெண்ணெய் குடிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.