அப்பாவின் போனும் மூன்று எல்லைகளும்: ஒரு ரோமிங் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

ஐரோப்பா பயணத்துக்குப் போனே எடுத்து வரமாட்டேன் என்கிறார் அப்பா. "உன்கிட்டதான் ஒண்ணு இருக்கே, போதாதா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் வெளிநாடு போய் வந்தார். மணி பார்க்கவும் படம் எடுக்கவும் தவிரப் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பி வந்து மூன்றாவது வாரம் பில் வந்தது. வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கக் கட்டுவதைவிட அதிகமான தொகை. "நான் தொடவே இல்லையேம்மா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். வாடிக்கையாளர் சேவையில் பேசிய பிள்ளை, "நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள் சார்" என்று ஒரே பாட்டாகப் பாடினான். கடைசியில் பணத்தைக் கட்டினோம். அன்றிலிருந்து அப்பா போனைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அவர் தொடவில்லை என்பது உண்மைதான். கல்யாணத்தில் எடுத்த படங்களையெல்லாம் போன் தானாகவே பேக்கப்புக்கு ஏற்றியிருக்கிறது. செயலிகள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொண்டிருக்கின்றன. மெயில் கால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கிறது. வீட்டில் இருக்கும்போது இதே வேலையைத்தான் தினமும் செய்கிறது, யாரும் கவனிப்பதில்லை. எல்லை தாண்டியதும் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

இந்தத் தடவை அவர் கையில் போன் இருக்க வேண்டும். பேங்க் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், மருந்துச் சீட்டு அதில்தான் இருக்கிறது, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் என்னைக் கூப்பிட வேண்டும். எதனால் அந்தப் பில் வந்தது என்று அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் பயம் போய்விடும். அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அப்பா பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். முதல் வரியாக நான் சொல்லச் சொல்ல எழுதினார்: "ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு."

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நம் சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் வேலை செய்வது ரோமிங், அதிலேயே இணையம் பயன்படுத்துவது டேட்டா ரோமிங். ரோமிங் சேவையையே நிறுத்திவிட்டால் வெளிநாட்டில் அந்த சிம் செத்த சிம், ஓடிபியும் வராது. சேவை இருக்கட்டும், போனின் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைக்க வேண்டும். வெளிநாட்டில் எஸ்.எம்.எஸ். வாங்குவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை. எங்களுடைய நிறுவனத்தில் அப்படித்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அப்புறம் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம், வாய்ஸ்மெயில், அதாவது நாம் எடுக்காத அழைப்புக்குக் குரல் செய்தி பதிவாகும் இடம். வெளிநாட்டில் இருக்கும்போது ஒரு அழைப்பு வருகிறது, நாம் எடுக்கவில்லை என்று வையுங்கள். அந்த அழைப்பு ஊரிலிருந்து நாம் இருக்கும் நாட்டுக்கு வந்து மணி அடித்து, யாரும் எடுக்காததால் திரும்ப ஊரிலிருக்கும் வாய்ஸ்மெயிலுக்கே போகிறது. வந்த வழிக்கு ஒரு கட்டணம், திரும்பிப் போன வழிக்கு ஒரு கட்டணம் என்று இரண்டையும் நம் தலையில் கட்டும் நிறுவனங்கள் உண்டு. போன் முழுதாக அணைந்து நெட்வொர்க்கிலேயே இல்லாவிட்டால் அழைப்பு ஊரிலேயே திருப்பப்பட்டுவிடும். ##004# என்று அடித்து அழைப்பு பட்டனை அழுத்தினால் எடுக்காதபோது, பிஸியாக இருக்கும்போது, தொடர்பு கிடைக்காதபோது என்று மூன்று வகைத் திருப்புதலும் ரத்தாகிவிடும். அப்பாவே அடித்தார். ரத்தானதாகத் திரையில் செய்தி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

*#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு ஈஐடி என்ற நீள எண்ணும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அந்தப் போன் இ-சிம் ஏற்கும், அதாவது அட்டை இல்லாமல் இணையம் வழியாகவே போனில் ஏற்றிக்கொள்ளும் சிம். அப்பாவின் ஐபோனில் வந்தது. என்னுடைய ஆண்ட்ராய்டில் வரவில்லை, ஆனால் அதில் இரண்டு சிம் போட இடமிருக்கிறது. ஆக, அவருக்கு இ-சிம், எனக்கு அங்கே போய் வாங்கும் சிம். இரண்டு போனுமே எந்த நிறுவனத்துக்கும் லாக் ஆகாதவை, அதையும் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றியாகிவிட்டது. விமான நிலையத்தில் இறங்கி க்யூஆர் கோடைத் தேடக் கூடாது. அதை ஏற்றவே இணையம் வேண்டுமே. இதில் அவசரம் ஆகாது, ஒரு தடவை ஏற்றிய கோடு பெரும்பாலும் இரண்டாவது தடவை வேலை செய்யாது.

வாங்கும்போது "ஐரோப்பா" என்ற பெயரை நம்பவில்லை, நாடுகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் தேடியது சுவிட்சர்லாந்தை. அது இருந்தது.

போனில் இரண்டு லைனுக்கும் பெயர் வைத்தோம். பழைய எண்ணுக்கு "வீடு", இ-சிம்முக்குப் "பயணம்". வரைபடங்கள், மொழிபெயர்ப்புச் செயலியில் ஜெர்மனும் இத்தாலியனும் கிரேக்கமும், ரயில் டிக்கெட்டுகள், எல்லாம் இறக்கியாயிற்று. படங்கள் மொபைல் டேட்டாவில் பேக்கப் ஆவதை இரண்டு போனிலும் நிறுத்தினேன். செயலிகள் பின்னணியில் புதுப்பித்துக்கொள்வதையும்தான்.

செப்டம்பர் 4, வியாழன், மியூனிக்

விமானம் கிளம்பும் முன்பே வீட்டு லைனில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று அப்பா தாமாகவே பார்த்துக்கொண்டார். இறங்கியதும் "பயணம்" லைனை ஆன் செய்தோம். சிக்னல் வந்தது, இணையம் வரவில்லை. பத்து நிமிஷம் போனை அணைத்து அணைத்துப் போட்டார். முகத்தில் அந்தப் பழைய கலவரம்.

தப்பு என்னுடையது. டேட்டா ரோமிங் ஆஃப், ஆஃப் என்று சொல்லிக் கொடுத்தவள், பயண லைனில் அது ஆனில் இருக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். பயண இ-சிம் விற்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தந்த நாட்டில் சொந்தக் கோபுரம் கிடையாது. வேறொரு நாட்டு நெட்வொர்க்கின் சிம்மைத் தருகிறார்கள், அது போகிற இடமெல்லாம் விருந்தாளிதான். அதனால் ரோமிங் அனுமதி இல்லாமல் அசையாது. ஆனால் பணம் முன்பே கட்டியாகிவிட்டது, தீர்ந்தால் நின்றுவிடும், பில் என்று ஒன்று வராது. இதைச் சொன்னதும் அப்பா நோட்டைத் திறந்து, "வீடு: ஆஃப். பயணம்: ஆன்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். டேட்டா எந்த லைனில் போக வேண்டும் என்ற இடத்தில் "பயணம்" தேர்வாகியிருக்கிறதா, அதற்குக் கீழே லைன் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் பட்டன் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டோம்.

எனக்கு ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கினேன். ஜெர்மனியில் 2017 ஜூலையிலிருந்து அடையாள ஆவணம் இல்லாமல் ப்ரீபெய்டு சிம் செயல்படுத்த மாட்டார்கள். பாஸ்போர்ட் கையில் இருந்ததால் சுலபமாக முடிந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு, ரயிலில்

இன்றைய நாளுக்காகத்தான் இத்தனை தயாரிப்பும். மியூனிக்கிலிருந்து சூரிக் போகும் யூரோசிட்டி ரயில் கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையில் ஜெர்மனியின் லிண்டாவ் ராய்ட்டின் நிலையத்தில் நிற்கிறது. அடுத்தது பிரெகென்ஸ், ஆஸ்திரியா. அப்புறம் ரைன் நதியைத் தாண்டினால் சாங்க்ட் மார்கிரெதென், சுவிட்சர்லாந்து. ஒருவர் டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று நாடுகள். பாஸ்போர்ட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. எல்லை மாறியதைச் சொன்னது போன்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டில் உள்ளூர்க் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். 2022இல் அந்த விதியை 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு, 2025இல் ஒரு ஜிபிக்கு 1.30 யூரோ. பக்கத்து நாட்டுக் கோபுரத்தைப் பயன்படுத்த நிறுவனங்களுக்குள் வாங்கும் விலை அங்கே அவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று தெரிந்த பிறகு, அப்பா கட்டிய பில்லை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் இந்த விதிக்குள் வருகின்றன. சுவிட்சர்லாந்து வராது. சுற்றிலும் இந்த விதிக்குள் வரும் நாடுகள், நடுவில் அது மட்டும் வெளியே. அங்கே என்ன விலை என்பது நம் சிம் கொடுத்த நிறுவனத்தின் விருப்பம். சில ஜெர்மன் திட்டங்களில் சுவிட்சர்லாந்தும் சேர்த்தி, நான் வாங்கியதில் இல்லை. ஏரிக் கரையில் ஜெர்மன் பக்கம் நின்றாலே எதிர்க்கரை சிக்னலைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதால் லிண்டாவிலேயே தானியங்கி நெட்வொர்க் தேர்வை நிறுத்திவிட்டுக் கையால் தேர்ந்தெடுத்தேன். பிரெகென்ஸில் ரயில் நின்றபோது டேட்டா ரோமிங்கையே அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றினேன்.

ரைன் பாலம் தாண்டிச் சில நிமிஷத்தில் என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது, ஒரு மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று. அணைத்தது அணைத்தபடியே இருந்தது.

அப்பா தன் போனைப் பார்த்தார். சுவிஸ் நெட்வொர்க் பெயர், முழு சிக்னல், இணையம் ஓடுகிறது. "உனக்கு வரலையா? என்னுதுல வருதே" என்றார். அவர் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினார். சூரிக் வரைக்கும் எனக்கு நெட் கொடுத்தது அப்பாதான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் இன்றுதான் அவர் ஜன்னல் பக்கம் போனை நீட்டிப் படம் எடுத்தார்.

செப்டம்பர் 8, திங்கள், சூரிக்

ஹோட்டலுக்குப் பணம் கட்ட ஓடிபி வந்தது. வீட்டு லைனில், டேட்டா அணைந்த நிலையில், பத்து வினாடியில்.

செப்டம்பர் 11, வியாழன், கப்பலில்

அங்கோனாவிலிருந்து கிரீஸ் போகும் கப்பல். புறப்படும் இடம் இத்தாலி, சேரும் இடம் கிரீஸ், இரண்டும் ஒன்றியத்தில்தான். ஆனால் நடுக்கடல் இல்லை. கரை மறைந்ததும் கப்பலே தன் சொந்தக் கோபுரத்தைப் போட்டு, செயற்கைக்கோள் வழியாக வெளியுலகத்தோடு இணைக்கிறது. அதற்கு இந்தக் கட்டண விதி பொருந்தாது. போனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். விமானத்தில் நெட்வொர்க் இருந்தாலும் இதே கதைதான். அழைப்புகளும் கடல் விலையில்தான் வரும் என்பதால் இங்கே டேட்டா ரோமிங்கை அணைப்பது மட்டும் போதாது.

கயிறு அவிழ்க்கும்போதே இரண்டு போனையும் விமானப் பயன்முறையில் போட்டோம். இரவு மேல்தளத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார். இறக்கி வைத்த வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார். கரும் நீலத்துக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி, நகர்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத வேகத்தில். "எல்லாத்தையும் அணைச்சுட்டோமே, அப்புறம் இது எப்படித் தெரியுது?" என்று கேட்டார், குரலில் கொஞ்சம் பதற்றம். ஜிபிஎஸ் ரேடியோ கேட்பது மாதிரி, செயற்கைக்கோள் பேசுகிறது, போன் கேட்டுக்கொள்கிறது, திருப்பி எதுவும் அனுப்புவதில்லை என்று சொன்னேன். அதற்கு சிம்மே வேண்டாம். கையைப் போனைச் சுற்றிக் குவித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9, வியாழன், வீடு

ஊர் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பில் வரட்டும் என்று அப்பா காத்திருந்தார். நாம் போன நாட்டு நெட்வொர்க் கணக்கு எழுதி நம் நிறுவனத்துக்கு அனுப்பி, அது பில்லில் ஏற நாளாகும். அதனால் திரும்பிய மறுநாள் கணக்கைப் பார்த்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை.

இன்று வந்தது. ரோமிங் டேட்டா: பூஜ்யம். ரோமிங் அழைப்பு: பூஜ்யம். எஸ்.எம்.எஸ்.: இரண்டு, செப்டம்பர் 4, சில்லறைத் தொகை.

"நான் யாருக்கும் அனுப்பலையேம்மா" என்றார். அதே வார்த்தை. இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. ஐபோனில் செய்தி அனுப்பும் ஐமெசேஜும் வீடியோவில் பேசும் ஃபேஸ்டைமும் நம் எண்ணைச் சரிபார்க்க, சிம் அமைப்பு மாறும்போது நமக்குக் காட்டாமலே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். அன்றைக்குத்தான் மியூனிக்கில் பயண லைனை ஆன் செய்தோம்.

நோட்டை எடுத்து வந்தார். "இதை எங்கே அணைக்கிறதுன்னு காட்டு" என்றார். செட்டிங்ஸைத் திறந்து இரண்டு இடத்தையும் காட்டினேன், அடுத்த தடவை கிளம்பும் முன் அணைத்தால் ஊர் திரும்பும்வரை திரும்பப் போடக் கூடாது என்றும் சொன்னேன். பில்லில் இருந்த தேதியையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.