மை தீர்ந்த பேனாவின் மறுபிறவி

நேற்று ராத்திரி உட்கார்ந்து நாலு வாழ்த்து அட்டை செய்தேன். அதில் மூன்று அட்டை, மடித்த இடத்திலேயே வெடித்துவிட்டது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தடித்த அட்டையை வெறும் விரலால் அழுத்தி மடித்தால் வேறென்ன ஆகும்! காகிதத்துக்கும் இழை ஓடும் திசை உண்டு. லேசாக வளைத்துப் பார்த்து, எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிக்கணும். அதற்கு முன்னால் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு. ("தீர்ந்த பேனாவை எதுக்குச் சேர்க்கிறே?" என்று கேட்டவர்கள் இப்போது கப்சிப்.)

அப்புறம் க்வில்லிங் பூ, அதாவது காகிதப் பட்டையைச் சுருட்டி ஒட்டிச் செய்யும் பூ, 3 மிமீ பட்டையில். சுருட்டுவது சுகம், ஒட்டுவதுதான் சோதனை. பசை கூடினால் காகிதம் நெளிந்துவிடும். பல்குத்தி முனையில் தொட்டு வைத்தாலே தாராளம்.

தப்பித்த அந்த ஒரே அட்டையில் பெயரைத் தப்பாக எழுதித் தொலைத்தேன். இப்போது அதன்மேல் ஒரு பூ.