குழந்தைகளின் மூச்சுக்கணக்கு

யோகா ஆசிரியர் பயிற்சியில் என்னை அதிகம் ஈர்த்தது மூச்சுப் பாடம். 200 மணி நேரப் பாடத்திட்டத்தில் உடற்கூறியல், பதஞ்சலியின் சூத்திரங்கள், சக மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக் காட்டுவது எல்லாம் இருந்தன. ஆனால் பூரகத்துக்கு (மூச்சை இழுப்பது) 16, கும்பகத்துக்கு (உள்ளே அடக்குவது) 64, ரேசகத்துக்கு (வெளியே விடுவது) 32 மாத்திரை, அதாவது கால அளவு, என்று திருமூலர் சொல்லும் கணக்கைப் படித்த அன்று வியந்துபோனேன். உள்ளே ஓடும் காற்றுக்கு இத்தனை நுட்பமாக அளவு வைத்திருக்கிறார்களே! அந்தக் கணக்கை எட்டச் சொல்லி எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. மூச்சை அடக்காமல், இழுப்பதையும் விடுவதையும் சமமாக்கவே பல வாரங்கள் பிடித்தன.

குழந்தைகளுக்கு வகுப்பெடுக்க வந்தபோது அந்தக் கணக்கே வேறாகிவிட்டது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். ஆறேழு வயதுக் குழந்தைக்கு அது 20-ஐத் தாண்டுவது இயல்பு. பெரியவர்களுக்கு எண்ணும் வேகத்தில் எண்ணினால் பிள்ளைகள் தோளைத் தூக்கிக்கொண்டு திணறுவார்கள். அதனால் அவர்களுக்கு நான் எண்ணுவதே இல்லை. வண்டுபோல் ரீங்கரித்து மூச்சை விடும் பிராமரி செய்யச் சொல்கிறேன். "ம்ம்ம்" என்ற ரீங்காரம் அவரவர் மூச்சு தீரும் இடத்தில் தானாக நிற்கும். யாருடைய மூச்சு நீள்கிறது, யாருடையது பதற்றத்தில் அறுபடுகிறது என்பது என் காதுக்கே தெரிந்துவிடும். சுருதி சேராத அந்த இரைச்சல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கும்பகம் மட்டும் கிடையாது. யாராவது போட்டிக்கு மூச்சைப் பிடித்தால் உடனே நிறுத்திவிடுவேன்.

1930களில் மைசூரில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்குக் கற்பித்த முறை தாவலும் தொடர் அசைவும் நிறைந்தது. வயதுக்கேற்ப யோகம் மாற வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. பிள்ளைகள் நடுவே நிற்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. வந்ததும் கண்மூடி உட்காரச் சொன்னால் நெளிவார்கள். சூரிய நமஸ்காரத்தைச் சில சுற்று உற்சாகமாகச் செய்யவிட்டு, வேர்த்தபின் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் கொடுத்தால் அதே பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள்.

உடம்பு நன்றாக வளையும் குழந்தைமேல்தான் எனக்குக் கூடுதல் கவனம். நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்தில் முழங்கால் பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொள்ளும், சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். மூட்டைத் தாங்கும் தசை வலுவாவதற்கு முன் வளைவை மட்டும் கூட்டக் கூடாது என்பதால், முழங்காலைச் சற்றே மடக்கிக்கொள்ளச் சொல்வேன். சிறு பிள்ளைகளுக்குச் சிரசாசனமும் கற்பிப்பதில்லை. அந்த வயதில் உடம்பை நோக்கத் தலை பெரிது, கழுத்து இன்னும் வலுப்பெறவில்லை.

கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதும் இல்லை. சில குழந்தைகளுக்குக் கண்மூடிப் படுப்பதே பயம். ஒருக்களித்துக் கிடந்தாலும் போதும், உடல் தளர்ந்தால் சரி.

"மேடையில் என்ன ஆசனம் செய்யப்போகிறார்கள்?" என்று பெற்றோர் ஆவலாகக் கேட்பதுண்டு. கைதட்டலுக்காக உடம்பை வருத்திக்கொள்ளும் பழக்கம் சின்ன வயதில் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வகுப்புக்கு வந்து, பிள்ளையின் பக்கத்தில் பாய் விரித்துச் சேர்ந்து செய்யுங்கள் என்று அழைப்பேன். சிலர் வருகிறார்கள். வீட்டிலும் விடாமல் தொடர்வது பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள்தான்.