கோழி ரத்தத்தில் தெரு மண்

வேலூர்ப் பக்கத்து ஊர்களில், பூனை மலத்தால் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் சோதனைக்காக ஆட்டு ரத்தமும் கோழி ரத்தமும் எடுத்துத் திரிந்த காலத்தில், ஆட்டுக்காரர்கள் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான்: "கோளாறுன்னா சொல்லிடுங்க சார், செவ்வாக்கெழம பொய்கை சந்தைல தள்ளிடறேன்."

எங்கள் சோதனை காட்டுவது, கிருமியை எதிர்த்து உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பொருளை மட்டும். பாசிட்டிவ் என்றால் ஒட்டுண்ணி என்றைக்கோ உள்ளே புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். தசைக்குள் நுண்ணிய பைகளாகப் பதுங்கிப் பல வருடம் இருக்கும். ஆடு நன்றாகவே மேயும். சினையில் முதல்முறை தொற்றினால்தான் கரு கலைந்து குட்டி வீசும் ஆபத்து. விற்றால் கிருமி கறியோடு இன்னொரு வீட்டுக்குப் போகும். நன்றாக வெந்தால் செத்துவிடும் என்பதால் பிரியாணிக்குப் பயமில்லை. பச்சைக் கறி வெட்டிய கத்தியையும் கையையும் கழுவாமல் விடுவதுதான் வம்பு.

ஆட்டுக்குக் கழுத்தில் ஊசி போடுவது லேசு. நாட்டுக்கோழிதான் பாடாய்ப் படுத்தும். இறக்கைக்கு அடியில் ஓடும் நரம்பு நூல் மாதிரி; ஈரப் பஞ்சால் இறகை ஒதுக்கினால்தான் கண்ணுக்குப் படும். ஊசியை எடுத்ததும் அழுத்திப் பிடிக்காவிட்டால் ரத்தம் கட்டி நீலமாகிவிடும். "இன்னா சார், கோழிக்கெல்லாமா ரத்தம் எடுப்பாங்க?" என்று தெருவே கூடி நிற்கும். உறைவதற்குள் வண்டியில் குலுங்கினால் அணுக்கள் உடைந்து, சோதனைக்கு வேண்டிய சீரம் என்ற தெளிநீர் சிவந்துபோகும். மே மாத வெயிலில் ஐஸ் பெட்டியை நம்புவதும் கஷ்டம்.

இருந்தாலும் எனக்குக் கோழிதான் நல்ல சாட்சி. ஆடு சந்தை சந்தையாகக் கைமாறும். எங்கே தொற்றியது என்று யார் சொல்வது? கோழி தன் தெருவைத் தாண்டாது. நாள் முழுக்க மண்ணைக் கிளறுவதால், பூனை மலத்தோடு விழுந்த கிருமி முட்டைகளை அதுதான் பொறுக்குகிறது. எதிர்ப்பொருள் இருந்தால் துகள்கள் ஒட்டித் திரளும் திரட்சிச் சோதனைதான் எங்களுடையது; அதில் ஆட்டுக்கும் கோழிக்கும் ஒரே சோதனைக் கரைசல் போதும். குழித்தட்டை ராத்திரி வைத்துக் காலையில் பார்த்தால், நெகட்டிவ் குழியின் அடியில் ஒரு பொட்டு. பாசிட்டிவ் படலமாக விரிந்திருக்கும்.

பூனையைப் பற்றிச் சொன்னபோது ஒரு ஆயா மடக்கினார்: "பூனைய தொரத்திட்டா எலிய நீயா புடிப்ப?" நியாயம்தான். ஆனால் அவர் மருமகள் மாசமாக இருந்தார்; சினை ஆட்டுக்குச் சொன்ன ஆபத்து அவருக்கும் உண்டு. பூனை மலம் தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தினமும் வேறு யாராவது அள்ளிப் புதைத்தால் போதும் என்றேன். அந்த வேலை ஆயாவின் மகன் தலையில் விழுந்தது.