குற்றவியலில் உயிரியல் கோட்பாடுகள்: நான் மூன்று மதிப்பெண் வாங்கிய பாடத்தை மறுபடி படித்த விதம்

எம்.ஏ. குற்றவியல் முதல் செமஸ்டரில் இந்த யூனிட்டை நான் பெயரும் வருடமுமாக மனப்பாடம் செய்துதான் போனேன். பத்து மதிப்பெண் கேள்வியாக எக்ஸ்ஒய்ஒய் குரோமோசோம் வந்தது. கூடுதலாக ஒரு ஒய் இருந்தால் அந்த ஆண் வன்முறைக்காரன் ஆகிறான், 1965-இல் பட்ரீசியா ஜேக்கப்ஸ் குழு சொன்னது என்று இரண்டு பக்கம் எழுதினேன். கிடைத்தது மூன்று. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் "1976 எங்கே?" என்று மட்டும் இருந்தது.

ஜேக்கப்ஸ் பரிசோதித்தது ஸ்காட்லாந்தில் பாதுகாப்பு மிகுந்த ஒரு மனநல மருத்துவமனைக்குள் இருந்தவர்களை. உள்ளே இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு வெளியே இருப்பவர்களைப் பற்றி எப்படிச் சொல்வது? 1976-இல் விட்கின் குழு டென்மார்க்கில் உயரமான ஆண்கள் 4139 பேரைச் சோதித்தது, எக்ஸ்ஒய்ஒய் இருந்தவர்கள் 12 பேர்தான். அவர்களில் தண்டனை பெற்றவர்களின் விகிதம் மற்றவர்களைவிட அதிகம், அது உண்மை, ஆனால் பெரும்பாலும் சின்னச் சொத்துக் குற்றங்கள். வன்முறைக் கதை அங்கே நிற்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆய்வுக்கும் மூன்று கேள்வி வைத்துக்கொண்டேன்: யாரைப் பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எது நிரூபணமாகவில்லை.

நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டியது மெட்னிக்கின் தத்து ஆய்வுக்கு (1984). டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவுகள் அதில் இருக்கின்றன. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர் என்பதால் பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. நோட்டில் நான்கு கட்டம் போட்டு, தத்துப்போன ஆண் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேர் தண்டனை பெற்றார்கள் என்று எழுதிப் பாருங்கள். பெற்றவர், வளர்த்தவர் இரு தரப்பிலும் தண்டனை இல்லையென்றால் 13.5, வளர்த்தவருக்கு மட்டும் இருந்தால் 14.7, பெற்றவருக்கு மட்டும் இருந்தால் 20, இருவருக்கும் இருந்தால் 24.5. எண்களைக் கையால் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது: பெற்றவர் தண்டனை பெற்றிருந்தும் ஐந்தில் நான்கு பிள்ளைகள் எந்த வழக்கிலும் தண்டனை பெறவில்லை. இன்னொன்று, இந்தத் தொடர்பு சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது, வன்முறைக் குற்றங்களில் இல்லை. இதை விட்டால் மதிப்பெண் போகும்.

அப்புறம் மாவோஏ, அதாவது மூளையில் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு. நியூசிலாந்தின் டனிடினில் பிறந்ததிலிருந்து பின்தொடரப்பட்ட பிள்ளைகளை வைத்து 2002-இல் காஸ்பி, மாஃபிட் குழு சொன்னது, மரபணு தனியாகப் பெரிதாக எதையும் செய்யவில்லை, அதன் செயல்பாடு குறைவாக இருந்து சிறுவயதில் கொடுமையும் அனுபவித்த ஆண் பிள்ளைகளிடம்தான் சமூக விரோத நடத்தை கூடியது என்பது. இதைப் 'போர்வீரன் மரபணு' என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். பதிலில் அந்தக் கொடுமை கட்டாயம் இருக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆண்டு வரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டை ஓடு போன்ற உடல் அடையாளங்களை வைத்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்ற இத்தாலிய மருத்துவர் லம்ப்ரோசோவின் புத்தகம் 1876. சில சமூகங்களை மொத்தமாகவே குற்றவாளிகள் என்று பதிவு செய்த ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871. அதாவது சட்டம்தான் முந்தியது, பலரும் இதை மாற்றி எழுதுகிறார்கள். பிறப்பிலேயே குற்றவாளி என்ற எண்ணத்துக்கு லம்ப்ரோசோ வரும்வரை இங்கே யாரும் காத்திருக்கவில்லை. 1911 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

பதிவுக்காகக் கைரேகை வாங்கியதால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுதேர்வில் லம்ப்ரோசோ மீதான விமர்சனத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். மண்டை ஓட்டு அளவுகளை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கத்தில் பெருங்காமநல்லூரைத்தான் எழுதினேன்.